ஹாப்ஸை எடுக்கலாமா?

ஆயிரத்து முந்நூற்று அறுபது டாலர். நேசன் எனக்குத் தரவேண்டிய பணம் அவ்வளவு. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஜனவரி மாதம் வேலை முடிந்து கார் பார்க்கில் நின்றபடி என் போனிலிருந்தே அவன் கணக்குக்கு அனுப்பினேன்.

முழுப்பெயர் சிவனேசன். யாழ்ப்பாணத்துப் பையன், முப்பத்திரண்டு வயது. மனைவி ஷாமினி இங்கே நர்சிங் படிக்க வந்தாள், அவளுடைய விசாவில் இவனும் வந்தான். இரண்டு பேரும் யாரோ ஒருவருடைய கராஜில் கட்டில் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஊரில் விட்டு வந்த மகள் அஞ்சனாவைக் கூட்டி வந்தபோது கராஜ் சரிப்படவில்லை. பிளாட் புஷ்ஷில் ஒரு பெரிய வீட்டின் பின்னால் ஒட்டிக் கட்டிய இரண்டு அறை கிடைத்தது. வாரம் முந்நூற்று நாற்பது வாடகை. நாலு வார வாடகையை பாண்ட் என்று முன்னாலேயே கட்டவேண்டும், வீட்டை விடும்போது திரும்பக் கிடைக்கும். அந்த நாலு வாரம்தான் என் பணம்.

"பெர்மனன்ட் ஆனவுடனே முதல் சம்பளத்தில இருந்து தாறன் அண்ணை," என்றான்.

பெர்மனன்ட் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஈஸ்ட் தமாகியில் ஒரு கிடங்கில் கன்டெய்னர் இறக்குகிறவர்கள். கிடங்குக்காரனுக்கு நாங்கள் ஆள் இல்லை, ஏஜென்சி அனுப்பும் ஆட்கள். கன்டெய்னர் வந்தால் வேலை. வராவிட்டால் காலை ஐந்தரைக்கு போனில் மெசேஜ் வரும், இன்றைக்கு வேண்டாம் என்று. ஒரு வாரம் நாற்பத்தைந்து மணி நேரம், ஒரு வாரம் பதினெட்டு. பதினெட்டு மணி நேரச் சம்பளத்தில் வாடகை கொடுத்தால் சாப்பாடு இல்லை. கிடங்கே நேராக எடுத்துக்கொண்டால் அதுதான் பெர்மனன்ட். வாரம் நாற்பது மணி, லீவு, காய்ச்சல் வந்தாலும் கூலி. அந்த வருஷம், இரண்டாயிரத்துப் பதினாலில், ஜூன் மாதக் கடைசியில் ஒரே ஒருவரை எடுப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அது நேசனுக்குத்தான் என்று நேசன் நினைத்தான். நானும் நினைத்தேன். என் பணம் அதில்தானே இருந்தது.

எனக்கு அப்போது ஐம்பத்து நாலு. சிங்கப்பூரில் பதினோரு வருஷம் கட்டட வேலை, இங்கே ஒன்பது வருஷம் பெட்டி தூக்கல். இடது முழங்கால் மழை வருவதற்கு முன்பே சொல்லிவிடும். என்னை யார் எடுக்கப் போகிறார்கள் என்று நான் அந்தக் கணக்கிலேயே இல்லை.

வேலை இப்படி. நாற்பதடி கன்டெய்னருக்குள் கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி அடைத்திருக்கும். ஜோடி ஜோடியாகப் போவோம். ஒருத்தன் உள்ளே நின்று பெட்டியை உருவித் தள்ளவேண்டும். ஒருத்தன் வாசலில் நின்று அதை ஸ்கேன் பண்ணி, ரகம் பார்த்து, பலகைமேல் அடுக்கவேண்டும். ஹீட்டர் ஒரு பலகை, ஃபேன் ஒரு பலகை, நாற்காலி ஒரு பலகை. உள்ளே நான், வாசலில் நேசன். ஸ்கேனர் அவன் பெயரில் இருக்கும். லஞ்ச் ரூம் சுவரில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். அதில் பாட்டோ படமோ வராது. யார் மணிக்கு எத்தனை பெட்டி என்பது மட்டும்தான் வரும். நேசன் நூற்றுத் தொண்ணூறு. அவனுக்கு அடுத்தவன் நூற்று ஐம்பத்தைந்து. உள்ளே நிற்கிறவன் பெயர் அந்த டிவியில் எப்போதும் வராது. நான் அந்த வருஷம் வரைக்கும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

எங்கள் ஃபோர்மன் சியோனே, டோங்காக்காரன். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவனுக்கு பாஸ்கெட்பால் பைத்தியம். லோடிங் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் மாட்டி வைத்திருப்பான். அமெரிக்காவில் அவனுக்கென்று ஒரு டீம் உண்டு. வருஷா வருஷம் தோற்கும், இவன் வருஷா வருஷம் அதே தொப்பியைப் போட்டுக்கொண்டு வருவான். அங்கே காலேஜில் ஆடும் பையன்களைப் பெரிய டீம்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வரிசையாக எடுப்பார்கள். மோசமாகத் தோற்றவர்களுக்கு முதலில் எடுக்க வாய்ப்பு. சியோனேயின் டீமுக்கு அந்த வருஷம் ஏழாவது இடம். அதற்கு யாரை எடுப்பது என்பதுதான் மே மாதத்திலிருந்து லஞ்ச் ரூமில் ஒரே பேச்சு.

எனக்குப் படிப்பு கிடையாது. தமிழ் எழுத்தே நாற்பத்தாறு வயதில்தான், மகள் ஸ்வர்ணாவைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் விடப்போய், பின் பெஞ்சில் உட்கார்ந்து அவளோடு கற்றுக்கொண்டேன். ஆனால் எண் எனக்கு எப்போதும் வரும். ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை எறிந்தான், இத்தனை தவறியது என்று திரையில் கீழே ஓடும் எண்களைப் பார்த்தால் ஆட்டம் முழுக்கப் புரிந்துவிடும். அதனாலேயே சியோனேக்கு என்னோடு பேசப் பிடிக்கும். என் இங்கிலீஷ் உடைந்த இங்கிலீஷ், அவன் நின்று கேட்பான். அவன் பேசியதையும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

ஜூன் மாத நடுவில் ஒரு புதன்கிழமை மழை. கன்டெய்னர் துறைமுகத்திலேயே மாட்டிக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருந்தோம். சியோனே தன் போனை சாஸ் பாட்டிலில் சாய்த்து வைத்து ஒரு வீடியோ போட்டான். டேரல் ஹாப்ஸ் என்று ஒரு காலேஜ் பையன். எங்கிருந்து எறிந்தாலும் கூடைக்குள் விழுகிறது.

"ஏழாவது இடத்துக்கு இவனை எடுக்கலாமா?" என்று கேட்டான் சியோனே.

"எடுக்கலாமாவோ?" நேசன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். என்னிடம் தமிழில், "அண்ணை, ஒரு ஆட்டத்துக்கு இருபத்தாறு புள்ளி. முழு அமெரிக்காவிலையும் இரண்டாவது. இதில கதைக்க என்ன இருக்கு?" என்றான். அதையே இங்கிலீஷில் சியோனேக்கும் சொன்னான். அவன் இங்கிலீஷ் நன்றாக இருக்கும்.

"இருபத்தாறு போட எத்தனை தடவை எறியிறான்?" என்றேன்.

சியோனே விரலால் தேடினான். "இருபத்திரண்டு."

"மத்தவனுக்குப் பாஸ்?"

"ஆட்டத்துக்கு ஒன்றரை."

"இருபத்திரண்டு தடவை பந்தை என் கையில குடுத்தா நானும் பத்து புள்ளி போடுவேன்."

"உந்த முழங்காலோடயோ?" என்றான் நேசன். "அண்ணை எறியிறதுக்குள்ள மற்ற டீம் வீட்டை போய்ச் சாப்பிட்டிட்டு வந்திடும்."

பக்கத்து மேசையில் இருந்த ஃபிலிப்பினோக்காரர், மொழி புரியாமலே சிரித்தார். நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. ஏன் விடவில்லை என்றால், அதற்கு முந்தின ஞாயிறு நேசன் வீட்டுக்குப் போயிருந்தேன். என் மனைவி அன்னம் கொடுத்தனுப்பிய இட்லி மாவைக் கொடுக்கத்தான் போனது. முன்னறையில் புது டிவி, ஐம்பது இஞ்ச். தவணையில் எடுத்ததாம். ஐந்து மாதத்தில் எனக்கு ஐந்து டாலர் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. மாவைக் கொடுத்துவிட்டு, டிவி நல்லா இருக்கு தம்பி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது உள்ளே கிடந்தது. பந்தைப் பற்றி மட்டும்தான் அன்றைக்குப் பேசினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த வீடியோவைப் பின்னால ஓட்டு," என்றேன் சியோனேயிடம். "ஹாப்ஸைப் பார்க்காதே. நாற்பத்து நாலு நம்பர் போட்டிருக்கானே ஒரு நெட்டை, அவனைப் பாரு."

ஓட்டினான். நெட்டையன் ஓடிவந்து ஓரிடத்தில் மரம் மாதிரி நிற்கிறான். ஹாப்ஸ் அவனை உரசிக்கொண்டு சுற்றி வருகிறான். துரத்தி வந்தவன் நெட்டையன் நெஞ்சில் மோதி நின்றுவிடுகிறான். ஹாப்ஸ் தனியாக நிற்கிறான், எறிகிறான், விழுகிறது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

"அடி வாங்குறது யாரு?" என்றேன். "அந்த நெட்டைக்கு எத்தனை புள்ளி?"

"நாலு," என்றான் சியோனே.

"அந்த நெட்டை உன் டீமுக்குக் கூட வருவானா? வரமாட்டான். உன் டீம்ல ஏற்கெனவே ஒருத்தன் பந்தை யாருக்கும் தரமாட்டான். இவனும் வந்தா ரெண்டு பேருக்கு ரெண்டு பந்தா குடுப்பாங்க? இருபத்தாறு போடுறவன் உன்கிட்ட பதினாலுதான் போடுவான். தடுக்கவும் தெரியாது. உனக்கு இவன் சரிப்பட மாட்டான்."

சியோனே தாடையைச் சொறிந்தான். நேசனுக்கு முகம் மாறிவிட்டது.

"அண்ணை, புள்ளி போடுறவனைத்தான் எடுப்பினம். இடிச்சுக்கொண்டு நிக்கிறவனை எங்கையும் எடுக்கலாம். வேணுமெண்டால் றோட்டில போறவனைப் பிடிச்சு நிப்பாட்டலாம். போடுறதுதான் கையில வாறது." சுவர் டிவியைக் காட்டினான். "அங்கை பாருங்கோ. ஆற்ர பேர் மேல நிக்குது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். றோட்டில் போகிறவன் என்று என்னை நினைத்துச் சொன்னானா, எனக்குத் தெரியாது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அந்தப் பேருக்குப் பின்னாடி ஒருத்தன் பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுக்கிறான் தம்பி. அவனை மாத்திட்டு அப்புறம் டிவியைப் பாரு."

சியோனே, "என்ன சொல்றான்?" என்று நேசனைக் கேட்டான். நேசன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். நானே உடைந்த இங்கிலீஷில் சொன்னேன். நாற்பத்து நாலை மாற்று, அப்புறம் ஹாப்ஸ் நம்பரைப் பார் என்று சொல்கிறேன் என்றேன்.

சியோனே தலையாட்டினான். போனைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை போர்டில் ஜோடிப் பட்டியல் மாறியிருந்தது. நேசனோடு உள்ளே ஃபிலிப்பினோக்காரர். என்னோடு வாசலில் ஒரு பஞ்சாபி மாணவன், வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆன பிள்ளை. ஸ்கேனரைத் தலைகீழாகப் பிடிப்பான்.

"ஒரு வாரம்தான், சும்மா," என்றான் சியோனே.

நேசன் என்னைப் பார்த்தான். நான் கையுறையை மாட்டிக்கொண்டு கன்டெய்னருக்குள் போய்விட்டேன்.

திங்கள் மாலை நேசன் நூற்று முப்பத்தெட்டு. செவ்வாய் நூற்று முப்பத்தொன்று. என் பஞ்சாபிப் பையன் செவ்வாய்க்கிழமை நூற்று அறுபத்தெட்டு. அவன் டிவிக்கு முன்னால் நின்று தன் பெயரை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். எனக்கு ஒரு கோக் வாங்கிக் கொடுத்தான்.

புதன்கிழமை ஸ்மோக்கோவில், டீ குடிக்கும் பத்து நிமிஷத்தில், நேசன் என்னை வளையத்துக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்க என்ன செய்யிறனீங்கள்?"

"பெட்டி தள்ளுறேன்."

"பகிடி விடாதேங்கோ. ஃபிலிப்பினோக்காரர் தாறது எல்லாம் கலந்து வருது. ஹீட்டர், பிறகு நாற்காலி, பிறகு திருப்பி ஹீட்டர். நான் நாலு பலகைக்கு நடுவில ஓடித் திரியிறன். நீங்கள் தரேக்க அப்பிடி வாறேல்லை."

சொன்னேன். பெட்டியின் பக்கத்தில் ரகத்துக்கு ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். கடைசி மூன்று எண்ணைப் பார்த்தால் போதும். நான் முதலில் ஒரு தடவை அடுக்கைக் கண்ணால் பார்த்துக்கொள்வேன். ஒரே எண் உள்ளதைப் பத்துப் பதினைந்தாகச் சேர்த்துத்தான் தள்ளுவேன். இடையில் வேறு ரகம் மாட்டினால் காலுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு அப்புறம் தள்ளுவேன். குனிந்து ஒதுக்குவதில்தான் முழங்கால் போகிறது.

நேசன் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப இவ்வளவு நாளும்...?"

"ரெண்டு வருஷமா."

"ஏன் எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லை?"

"நீ கேக்கலையே."

"கேக்கேல்லைத்தான்." வளையத்தின் கம்பத்தைக் காலால் தட்டினான். "என்ர கைதான் கெதி எண்டு நினைச்சன் அண்ணை. ஷாமினிக்கு ஒவ்வொரு நாளும் நம்பர் சொல்லுவன். அவவும் பிள்ளைக்குச் சொல்லுவா. அப்பாதான் ஃபர்ஸ்ட் எண்டு."

"உன் கை வேகம்தான். பொய் இல்லை."

"விடுங்கோ."

பிறகு அவன் கேட்டான். குரல் சின்னதாகிவிட்டது. "சியோனே ஏன் மாத்தினவன்? அண்டைக்கு நீங்கள் சொன்னதாலயோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "இருக்கலாம்," என்றேன்.

"இருக்கலாம்," என்று அவனும் சொன்னான். டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் போனான்.

நான் நேராக ஃபிலிப்பினோக்காரரிடம் போனேன். பெட்டியைக் காட்டி, கடைசி மூன்று எண், சேர்த்துத் தள்ளு என்று கையால் காட்டினேன். நல்ல மனிதர், புரிந்துகொண்டார். புதன் மதியம் நேசன் நூற்று ஐம்பத்திரண்டு. வியாழன் நூற்று அறுபது. ஆனால் ஆள் எடுக்க வாரச் சராசரியைத்தானே பார்ப்பார்கள். திங்களும் செவ்வாயும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டன. அதுவும் இல்லாமல் இதெல்லாம் ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் இரண்டு நாளில் வருவது இல்லை. இன்னும் ஒரு வாரம் இருந்தால் சரியாகியிருக்கும். திங்கட்கிழமை காலையிலேயே நான் அவரிடம் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும். திங்கட்கிழமை எனக்கு அது தோன்றியது. தோன்றியும் பேசாமல் இருந்தேன். டிவியில் அந்த எண் இறங்குவதைப் பார்க்க எனக்கு இரண்டு நாள் ஆசையாக இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

வெள்ளிக்கிழமை மதியம் அமெரிக்காவில் ஆள் எடுக்கும் நாள். அவர்களுக்கு வியாழன் மாலை, எங்களுக்கு வெள்ளி லஞ்ச். சியோனே அன்றைக்கு மட்டும் சுவர் டிவியை நம்பரிலிருந்து மாற்றி நேரடி ஒளிபரப்பு போட்டுவிட்டான். எல்லாரும் சாப்பாட்டு டப்பாவோடு கூடிவிட்டார்கள். நேசன் வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான், உள்ளே வரவில்லை.

ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார்கள். கோட்டு போட்ட பையன்கள் எழுந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு மேடைக்குப் போனார்கள். ஆறு பேர் போனார்கள். ஏழாவது சியோனேயின் டீம். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

டேரல் ஹாப்ஸ்.

லஞ்ச் ரூமே கத்தியது. சியோனே மட்டும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "பழனி, உன் பேச்சை அவங்க கேட்கலையே," என்றான். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். நேசன் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து விரலை நீட்டினான்.

"பாத்தியளோ அண்ணை! போடுறவனைத்தான் எடுப்பினம்!"

"ஆமா தம்பி, நீதான் ஜெயிச்ச," என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது தப்பு என்று உலகமே பார்க்கச் சொல்லிவிட்டார்கள், சியோனேயும் பார்த்துவிட்டான், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு.

இரண்டரை மணிக்கு சியோனே என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டான்.

மேசைமேல் காகிதம் இருந்தது. மேலே என் பெயர். பழனிசாமி என்று இங்கிலீஷில். என் பெயர் மட்டும் எந்த மொழியில் இருந்தாலும் எனக்குத் தெரியும்.

"மணிக்குப் பதினேழு டாலர் இருபது. வாரம் நாற்பது மணி. திங்கள் முதல்," என்றான் சியோனே.

"நான் கேக்கலையே."

"நீ கேக்கலை. நான் பார்த்தேன். யாரை உன்னோட போட்டாலும் அவன் நம்பர் ஏறுது. நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு ஒரு ஆள் வேணும்."

"நேசனுக்குக் குடு. அவனுக்குச் சின்னக் குழந்தை. வேகமான கை."

"வேகமான கைதான். அது ஏஜென்சியில நிறைய கிடைக்கும்."

"நேத்து நூற்று அறுபது வந்துட்டான். இன்னும் ஒரு வாரம் பாரு."

"மேனேஜருக்கு இன்னைக்குப் பேர் குடுக்கணும், பழனி." பேனாவை என் பக்கம் தள்ளினான். "நீ வேண்டாம்னா ஃபிலிப்பினோக்காரருக்குப் போகும். நேசனுக்குப் போகாது. அதை நினைச்சுக் கையெழுத்து போடு."

"உன் டீம் ஹாப்ஸைத்தானே எடுத்தது?"

சியோனே சிரிக்கவில்லை. "அவங்களுக்கு டிக்கெட் விக்கணும். எனக்குப் பெட்டி இறங்கணும்," என்றான்.

முழங்கால் வலித்தது. உட்கார நாற்காலி போடவில்லை. காலை ஐந்தரை மணிக்கு போனைப் பார்த்துப் பார்த்து ஒன்பது வருஷம். மறுக்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. தமிழிலேயே கையெழுத்து போட்டேன்.

வெளியே வந்தபோது நேசன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் கையில் மடித்த காகிதம். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாழ்த்துக்கள் அண்ணை," என்றான். கையும் கொடுத்தான். அந்தக் கையில் வேகமும் இல்லை, பிடியும் இல்லை.

வீட்டில் அன்னத்திடம் சொன்னேன். அவள் எப்சத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அன்று பகல் ஷிஃப்ட் முடித்து வந்து காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவன் இடம்டி அது."

"யார் எழுதி வச்சது அவன் இடம்னு?"

"நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவனுக்குத்தான்."

"இருந்தா அவனுக்கு. இருக்கலை, உங்களுக்கு வந்துருச்சு. வேணாம்னு வந்திருந்தா இந்தத் தண்ணியை உங்க தலையிலதான் ஊத்தியிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பணத்தைக் கேக்காதீங்க. விட்டுருங்க," என்றாள்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். விட்டுவிடுவது என்று முடிவானதும் மனசு கொஞ்சம் லேசானது. அது என்ன லேசு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஜூலை மாதம் கன்டெய்னர் குறைந்தது. ஏஜென்சி நேசனை வாரத்துக்கு இரண்டு நாள் கூப்பிட்டது, பிறகு ஒரு நாள், பிறகு கூப்பிடவில்லை. ஐம்பது இஞ்ச் டிவி திரும்பிப் போனது. வீட்டைக் காலி செய்கிறோம் என்று நேசன் வீட்டுக்காரருக்கு மூன்று வார நோட்டீஸ் கொடுத்துவிட்டான் என்று ஷாமினி அன்னத்துக்கு போன் பண்ணிச் சொன்னாள். கிளென்ஃபீல்டில் அவளுடைய மாமா ஏரம்பமூர்த்தி வீட்டில் ஒரு அறை தருகிறாராம். நேசனுக்கு அங்கே மால் பக்கத்தில் ஒரு பேக்கரியில் வேலை இருக்கும் போலிருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, வீட்டைத் துடைத்து ஒப்படைக்கும் நாள். கூப்பிடாமலே போனேன், பக்கெட்டும் துடைப்பானும் எடுத்துக்கொண்டு. இங்கே வாடகை வீட்டை விடும்போது அடுப்புக்குள் கறை இருந்தாலும் பாண்டில் பிடித்துக்கொள்வார்கள். ஷாமினி கதவைத் திறந்தாள், வழி விட்டாள். அஞ்சனா காலி அறையில் குரல் எதிரொலிப்பதைக் கேட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாள், இங்கிலீஷில்.

நான் அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்தேன். நேசன் ஜன்னல் துடைத்தான். ஒரு மணி நேரம் வேலை ஓடியது. அவன் துணி அலச வந்தபோது நான் எழுந்து சொன்னேன்.

"நேசா, அந்த பாண்ட் பணம் வந்தா நீயே வச்சுக்க. எனக்கு வேண்டாம்."

அவன் குழாயை மூடினான்.

"ஏன் வேண்டாம்?"

"இப்ப எனக்கு வாரச் சம்பளம் வருது. உனக்குத் தேவை இருக்கும்."

"எனக்குத் தேவைதான் அண்ணை. நல்லாத் தேவை." துணியைப் பிழிந்துகொண்டே பேசினான், என்னைப் பார்க்கவில்லை. "ஆனா நீங்கள் ஒரு சதமும் விடக்கூடாது. நீங்கள் காசை விட்டால், பிறகு நான் உங்களை மன்னிக்கவேண்டி வரும். எனக்கு இப்ப அது ஏலாது."

"நான் வேணும்னு..."

"திங்களும் செவ்வாயும் உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை? அவருக்கு எப்பிடித் தள்ளுறது எண்டு தெரியாதெண்டு? ரெண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்தானே?"

அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று தெரியவில்லை. ஃபிலிப்பினோக்காரரைக் கேட்டிருக்கலாம். ஏன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லும் தைரியம் இல்லை. "ஆமா," என்று மட்டும் சொன்னேன்.

"ஓம்," என்றான் அவன். "அதுதான்."

அலமாரிமேல் பாண்ட் திருப்பித் தரும் படிவம் இருந்தது. வீட்டுக்காரர் ஏற்கெனவே கையெழுத்து போட்டுவிட்டார். பணம் போகவேண்டிய கணக்கு எண் என்ற இடம் காலியாக இருந்தது.

"உங்கட அக்கவுன்ட் நம்பரைச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவன் எழுதினான். ஒவ்வொரு எண்ணாக, நான் சொல்லச் சொல்ல. எழுதி முடித்துத் திருப்பிப் படித்துக் காட்டினான். சரியாக இருந்தது. ஷாமினி எனக்கு டீ போட்டுத் தர முடியவில்லை, பாத்திரம் எல்லாம் கட்டியாகிவிட்டதே என்று வருத்தப்பட்டாள். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பணம் வந்தது. ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து. கம்பளத்தில் ஏதோ கறை என்று வீட்டுக்காரர் எண்பத்தைந்து டாலர் பிடித்திருக்கிறார். நான் போனைப் பைக்குள் போட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தபோது இன்னொரு வரவு இருந்தது. நேசன் கணக்கிலிருந்து எண்பத்தைந்து. குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அன்னம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நேசன் பணம் வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"முழுசா?"

"முழுசா வந்துருச்சு."

நான் கை கழுவப் போனேன்.